சேக்காளி வந்தால் சிங்கப்பூரில் எங்கே கூட்டிப்போவது?

தச்சநல்லூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடப் படித்த சேக்காளிகள் நாலு பேர் ஊரிலிருந்து வருகிறார்கள். எல்லாரும் சேர்ந்து சுற்ற அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. வருகிறவர்களோ திருச்சியில் விமானம் ஏறுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் பட்டியலை அனுப்பிவிடுவார்கள்: சிங்கத்தலை மீன் சிலை, மெரினா பே சாண்ட்ஸ், யுனிவர்சல் ஸ்டூடியோ, முஸ்தபா.

இதில் யுனிவர்சலை முதலிலேயே அடித்துவிடலாம். உள்ளே போனால் நாள் முடிந்தது. மெர்லயன் எனப்படும் மீன் சிலைக்கு அரை மணி நேரம் தாராளம். 1972இல் நிறுவப்பட்ட, 8.6 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலை 2002இல்தான் இப்போதுள்ள இடத்துக்கு நகர்ந்தது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டால் எதிர்க்கரையில் மெரினா பே சாண்ட்ஸும் சேர்ந்தே விழுந்துவிடும். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்.

காலையில் சீக்கிரம் கிளம்புவோம் என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஊர்ப் பழக்கத்தில் ஆறு மணிக்குக் கண் விழித்தால் அங்கே எட்டரை ஆகியிருக்கும்.

சிலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது தெலுக் ஆயர் தெரு. நெல்லைப் பக்கத்து ஆட்களுக்குச் சிங்கப்பூர் தொடங்க வேண்டிய இடம் இதுதான். இன்று சுற்றிலும் வங்கிக் கோபுரங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்க்கும்வரை இந்தத் தெரு கடற்கரையாக இருந்தது. கப்பலில் வந்து இறங்கியவர்கள், உயிரோடு கரை சேர்த்ததற்கு நன்றி சொல்ல அங்கேயே ஆலயம் எழுப்பினார்கள். நாகூர் ஆண்டவர் நினைவாக 1828 முதல் 1830 வரை கட்டிய தர்கா இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. அதே வரிசையில் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில். இன்னும் சில எட்டு வைத்தால், தமிழர்கள் குச்சுப் பள்ளி என்று சொல்லிவந்த அல் அப்ரார் பள்ளிவாசல்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்கு நடந்தே போகலாம். தச்சநல்லூரிலிருந்து நெல்லை ஜங்ஷனுக்கு நடக்கும் தூரம்கூட இல்லை. சைனாடவுன் கடைகளுக்கு நடுவே திடீரென்று சுதைச் சிற்பங்களோடு ஒரு கோபுரம் நிமிரும்.

“ஏலே, சீனாக்காரன் தெருவுல மாரியம்மன் எப்படிலே வந்தா?”

இந்தக் கேள்வியைக் கேட்காத நெல்லைக்காரர் இருக்க முடியாது. பதில் தண்ணீரில் இருக்கிறது. ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, சிங்கப்பூரில் முதல் செங்கல் சூளை போட்டவர். அவர் முன்னின்று எழுப்பிய இந்தக் கோயிலுக்கென முதலில் தெலுக் ஆயர் பக்கம் இடம் ஒதுக்கினார்கள். அங்கே பூசைக்கு நல்ல தண்ணீர் வசதி இல்லை. மாற்றிடம் தேடி அலைந்து, கடைசியில் 1823இல் இந்த இடம் அமைந்தது. மரமும் ஓலையுமாக 1827இல் கோயில் எழுந்தது. சீனர் குடியிருப்பு அதைச் சுற்றி வளர்ந்தது. கோயிலின் இருபுறமும் ஓடும் சந்துகளின் பெயர் பகோடா தெரு, டெம்பிள் தெரு. அடுத்த சந்து மாஸ்க் தெரு. அதன் முனையில் நிற்பது சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் 1826இல் தொடங்கிய ஜாமிஆ பள்ளிவாசல். சைனாடவுனின் நடு நாயகமான மூன்று தெருக்களுக்கும் பெயர் கொடுத்தவை தமிழர்கள் கட்டிய வழிபாட்டிடங்கள் என்பதைச் சொன்னால், வந்தவர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே மேக்ஸ்வெல் உணவங்காடி. சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது. 2021 முதல் அதைக் கொண்டுபோய் உரிய இடத்தில் வைப்பது சட்டம். ஊரில் எச்சில் இலையை எடுக்கச் சொன்னால் முறைக்கிற ஆள் அங்கே பவ்யமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

சாப்பிட்ட பிறகு போக வேண்டிய தஞ்சோங் பகார் எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் கொட்டை எழுத்தில் வராது. ஆனால் பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள நேரடி உறவு இங்கேதான் இருக்கிறது. நெசவுக்குப் பேர்போன கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் போன முஸ்லிம் குடும்பங்கள் துறைமுகத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் கூட்டமாக வாழ்ந்தன. மற்ற ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டும் தனியாகப் போய்ப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். பெண்கள் சும்மா இருக்கவில்லை. அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே கடையநல்லூர்க்காரர்களுக்கென ஒரு முஸ்லிம் லீக் அமைப்பு உருவாகிவிட்டது. அந்த அமைப்பு 1946இல் தொடங்கியதுதான் உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி. சீறாப்புராணம் பாடி எட்டயபுரத்தில் அடங்கிய அந்தப் புலவரின் பெயரைக் கடல் தாண்டி ஒரு பள்ளிக்கு வைத்தவர்கள் நம் பக்கத்து ஆட்கள். பிற்பாடு உயர்நிலைப் பாடங்களையும் தமிழிலேயே சொல்லிக்கொடுத்த அந்தப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. பெயர் போகவில்லை, உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இப்போதும் நடக்கிறது.

இன்று தஞ்சோங் பகாரில் அம்மிச் சத்தம் கேட்காது. 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட பழைய கடைவீடுகளில் காப்பிக் கடைகளும் கொரிய உணவகங்களும் அலுவலகங்களும் இருக்கின்றன. அந்தக் காலத்து வாழ்க்கை தெரிய வேண்டுமானால் விவரம் தெரிந்த ஒருவர் கூட நடக்க வேண்டும். அங்கேயே வேலை பார்க்கும் சேக்காளி உதவுவது இந்த இடத்தில்தான். சுற்றுலா வழிகாட்டி மெர்லயனின் உயரத்தைச் சொல்வார். கடையநல்லூர் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

சாயங்காலம் சிராங்கூன் சாலை. ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் நகரவே இடம் இருக்காது. வாரம் முழுக்கக் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தமிழ்நாட்டு, வங்கதேசத்துத் தொழிலாளர்கள் பணம் அனுப்பவும், காய்கறி வாங்கவும், புல்வெளியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசவும் அங்கேதான் கூடுகிறார்கள். ‘எந்த ஊரு?’ என்று கேட்டால் போதும், நாலாவது ஆள் அம்பாசமுத்திரமோ சங்கரன்கோவிலோ சொல்வார்.

பட்டியலில் இருந்த முஸ்தபா கடையைக் கடைசிக்கு வைப்பதுதான் புத்திசாலித்தனம். கடை நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். ரயில்தான் நள்ளிரவோடு நின்றுவிடும். உள்ளே போனவர்களைப் பிரித்து மேய விடாமல், முதலில் தைலம் இருக்கும் பக்கம் கூட்டிப்போவது நல்லது. 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனத்தின் கோடாலித் தைலம் ஆளுக்கு ஒரு டஜன் வாங்காமல் யாரும் வெளியே வரப்போவதில்லை. ஊருக்குத் திரும்பினால் தெருவில் ஆள் ஆளுக்குக் கேட்பார்கள் அல்லவா. மிச்ச நேரத்தில் சாக்லேட், பெட்டிக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு, அதைப் பற்றிய சண்டை.