விசா வந்தாச்சு... விவரம் வந்துச்சா?



ஆடி கடைசி வெள்ளி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேர்ற இடத்துல இருக்கிற இருக்கன்குடி மாரியம்மன் கோயில். பாதயாத்திரைக் கூட்டம், அக்கினிச்சட்டி, மாவிளக்குன்னு களைகட்டுது. உங்களுக்கு முன்னாடி நிக்கிறவரோட அர்ச்சனைத் தட்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. தேங்காய், பழத்துக்கு நடுவுல ஒரு பாஸ்போர்ட் இருந்தாலும் இருக்கும்! ‘ஆத்தா, பையனுக்கு சிங்கப்பூர் விசா கிடைச்சிடணும்’னு வேண்டுதல். விசா கிடைக்கிறதை ஆத்தா பார்த்துக்குவா. ஆனா, அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு நாமதானே பார்க்கணும்?

பொழப்புக்காக வெளியூர் போறது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. 1920-களின் தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய், தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டி, பட்டாசுன்னு இன்னிக்கு நாம பார்க்கிற சிவகாசிக்கு அந்தப் பயணம்தான் பிள்ளையார் சுழி. அவங்களுக்கு ஒரு ரயில் டிக்கெட் போதுமா இருந்துச்சு. 2018-ல பேரியம் பட்டாசுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகு, ‘இந்தத் தொழில் எங்களோட போகட்டும், நீயாவது ஃபாரின் போ’ன்னு சொல்ற அப்பாக்கள் நம்ம ஊர்ல உண்டு. ஆனா, உங்களுக்கு டிக்கெட் மட்டும் பத்தாது பாஸ். வொர்க் பெர்மிட் வேணும்!

பெர்மிட் யார் கையில?

முதல் மேட்டர் இதுதான். பெர்மிட்ல உங்க பேரும் போட்டோவும் இருக்கும். ஆனா, அதுக்கு விண்ணப்பம் போடறது கம்பெனி. வேலையை விட்டு எடுத்தா அதைக் கேன்சல் பண்றதும் கம்பெனிதான். அந்தக் கம்பெனி, அந்த வேலை... அவ்வளவுக்குத்தான் அது செல்லும். சாயங்காலம் சும்மாதானே இருக்கோம்னு பக்கத்துக் கடையில பார்ட் டைம் பார்த்தாகூட சட்டப்படி தப்பு.

சிங்கப்பூரையே எடுத்துக்குவோம். அங்கே வேலைக்குப் போறவங்களுக்கு முக்கியமா மூணு படி. கட்டுமானம், கப்பல் பட்டறை மாதிரி வேலைகளுக்கு ‘வொர்க் பெர்மிட்’. நடுத்தரத் திறன் வேலைக்கு ‘எஸ் பாஸ்’. இன்ஜினீயர், மேனேஜர் மாதிரி வேலைக்கு ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’. சம்பளம்தான் இதுல முதல் வடிகட்டி. 2025 ஜனவரியிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சம் மாசம் 5,600 சிங்கப்பூர் டாலர்; 2025 செப்டம்பரிலிருந்து எஸ் பாஸுக்கு 3,300 டாலர்னு வச்சாங்க. வயசு கூடக் கூட இதுவும் கூடும்.

இப்ப புரியுதா? ‘தம்பி, உனக்கு இன்ஜினீயர் போஸ்ட்’னு ஏஜென்ட் சொல்லலாம். பேப்பர்ல ‘வொர்க் பெர்மிட், கட்டுமானத் தொழிலாளி’ன்னு இருந்தா, அதுதான் உங்க வேலை. நாலு வருஷம் படிச்ச பி.இ. அங்கே செல்லாது. கட்டுமான வேலை கேவலம்னு சொல்ல வரலை. தெரிஞ்சு போறதுக்கும் ஏமாந்து போறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?

காசு யார் கட்டணும்?

வெளிநாட்டு ஆளை எடுக்கிற கம்பெனிக்கும் செலவு உண்டு. எஸ் பாஸ் ஆள் ஒருத்தருக்கு மாசம் 650 டாலர் வரின்னு 2025 செப்டம்பர்ல ஆச்சு. வொர்க் பெர்மிட்ல போற இந்தியத் தொழிலாளிக்கு 5,000 டாலர் ஜாமீன் தொகை, மருத்துவக் காப்பீடு வேற. இதை எல்லாம் கம்பெனிதான் ஏத்துக்கணும். உங்க சம்பளத்துல பிடிக்கக் கூடாது. ‘வேலை குடுத்தேன், காசு குடு’ன்னு முதலாளி கேட்டா, அது அங்கே குற்றம்.

நம்ம நாட்டுலயும் கணக்கு இருக்கு. 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணின ஏஜென்ட்தான் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கலாம். சேவைக் கட்டணத்துக்கு அந்தச் சட்டத்தின் விதிகள்ல வச்ச உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும். அம்மா தாலிக்கொடியை அடகு வச்சு லட்சக்கணக்குல கொட்டுறதுக்கு முன்னாடி, இந்த நம்பரை ஒரு தடவை நினைச்சுக்குங்க!

‘டூரிஸ்ட் விசாவுல போ... அப்புறம் மாத்திக்கலாம்!’

இதுதான் ரொம்ப டேஞ்சரான டயலாக். இதுல மாட்டினவங்க படிக்காதவங்க இல்லை, நம்ம மாதிரி கம்ப்யூட்டர் தெரிஞ்ச பசங்க. 2022-ல ‘தாய்லாந்துல ஐ.டி. வேலை, கை நிறைய சம்பளம்’னு சோஷியல் மீடியா விளம்பரத்தையும் ஏஜென்ட்டையும் நம்பிப் போனாங்க. அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி வேலை செய்யச் சொல்லி மிரட்டப்பட்டாங்க. அந்த செப்டம்பர்ல வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டுச்சு. அக்டோபர்ல தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டு சென்னை வந்து சேர்ந்தாங்க. சுத்திப் பார்க்கிற விசாவுல வேலைக்குப் போனா, அங்கே உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட கம்பெனின்னு ஒண்ணு இல்லவே இல்லை!

பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி...

* சிங்கப்பூர்னா, கிளம்புறதுக்கு முன்னாடியே ஐ.பி.ஏ. எனும் முன் ஒப்புதல் கடிதத்தை வாங்கிடுங்க. கம்பெனி பேரு, வேலை, அடிப்படைச் சம்பளம், பிடித்தம் எல்லாம் அதுல இருக்கும். வொர்க் பெர்மிட்ல போறவங்களுக்கு அவங்க தாய்மொழியிலயே கம்பெனி இதை அனுப்பியாகணும். ‘ஏர்போர்ட்ல தர்றேன்’னா, டாட்டா சொல்லிடுங்க.

* ஏஜென்ட்டோட பதிவு எண்ணை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்துல தேடிப் பாருங்க. விசிட்டிங் கார்டை மட்டும் நம்பாதீங்க.

* 1978-ல தொடங்கின தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துலயும் என்ன வேலை வந்திருக்குன்னு விசாரிங்க.

* பணம் குடுத்தா ரசீது. கையெழுத்துப் போட்டா ஒரு காப்பி. ரெண்டையும் வீட்டுலயும் ஒரு செட் வச்சுட்டுப் போங்க.

* பாஸ்போர்ட் உங்க சொத்து. அடகுப் பொருள் இல்லை.

* சந்தேகமா? மத்திய அரசோட இலவச உதவி எண் 1800 11 3090.

வெளிநாடு போகாதீங்கன்னு சொல்லலை. தாராளமா போங்க, நல்லா சம்பாதிங்க, கல்கத்தா போனவங்க மாதிரி ஊருக்கு ஒரு தொழிலைக் கொண்டுவந்தா இன்னும் சந்தோஷம். அடுத்த ஆடிக்கு இருக்கன்குடியில பாஸ்போர்ட்டைத் தட்டுல வைக்கும்போது, பக்கத்துல அந்த ஒப்புதல் கடிதத்தையும் வைங்க. ஒரு தடவை முழுசா படிச்சுட்டு!

ஆல் தி பெஸ்ட்!