‘வடக்கன்’: கேலி எங்கே முடிகிறது, இழிவு எங்கே தொடங்குகிறது?

பள்ளிபாளையத்தில் சில மாதங்களுக்கு முன் நாங்கள் நடத்திய சட்டப் பயிற்சி வகுப்பு முடியும் தறுவாயில், கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்தார். விடுமுறை நாட்களில் தறிப்பட்டறையில் வேலை செய்பவர். “தோழர், எங்க பட்டறையில பீகார்ப் பசங்க நாலு பேர் இருக்காங்க. ‘வடக்கா’, ‘பானிபூரி’ன்னுதான் கூப்பிடறோம். அவங்களும் சிரிச்சுக்கிட்டுத்தான் வருவாங்க. சும்மா கலாய்க்கறதுதானுங்க. இதையும் தப்புன்னு சொல்லுவீங்களா?”

உடனடியாக ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ எங்களால் சொல்ல இயலவில்லை. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியவர்கள் நீதிமன்றத்தில் தவறாமல் எடுத்து வைக்கும் வாதம் ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்பதுதான் என்று அரை மணி நேரத்துக்கு முன் அவருக்குக் கற்பித்தவர்கள் நாங்களே. கேட்டவரோ நம் தெருப் பிள்ளை. அந்தக் கேள்விக்கு வகுப்பில் சொல்ல முடியாமற்போன விடையை இங்கே எழுதுகிறோம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இன்று வெளிமாநிலத் தொழிலாளர் இல்லாத தொழிலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள், குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகள், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துச் சேகோ ஆலைகள், பரமத்திவேலூர் வட்டாரத்து வெல்ல ஆலைகள் என எங்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குள் மொழி வேறு, சாதி வேறு, மதம் வேறு. நம் ஊர் அவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறது.

அந்தப் பெயர் எல்லா வடவருக்கும் பொருந்துவதுமில்லை என்பதைக் கவனியுங்கள். சேலம் கடைவீதியில் அடகுக்கடை வைத்திருக்கும் ராஜஸ்தானியரை யாரும் ‘வடக்கன்’ என்று அழைப்பதில்லை, அவர் ‘சேட்டு’. அதுவும் பட்டப்பெயர்தான். ஆனால் அதில் ஒரு முதலாளிக்குரிய மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவரும் வடக்கிலிருந்து வந்தவர், தறியில் நிற்பவரும் வடக்கிலிருந்து வந்தவர். ஒருவருக்கு ‘ங்க’, மற்றவருக்கு ‘டா’. இரவில் விசில் ஊதித் தெருவைக் காத்து, மாதம் பிறந்தால் வாசலில் வந்து நிற்கும் நேபாளியை ‘கூர்க்கா’ என்கிறோம். நேபாளத்தின் ஓர் ஊர்ப் பெயர், ஒரு மக்களின் பெயராகி, தமிழில் காவல்வேலையின் பெயராகவே முடிந்துவிட்டது. அந்த வேலையைச் செய்பவர் எந்த நாட்டவராயினும் அவர் ‘கூர்க்கா’தான். பிறப்பையும் தொழிலையும் ஒரே சொல்லில் பூட்டி வைக்கும் இந்த வேலையை எது செய்யும் என்பது இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே பட்டப்பெயரில் நாடோ மாநிலமோ இருப்பது சிக்கலன்று. ‘வெள்ளைக்காரன்’ என்று நாம் சொல்வதால் எந்த வெள்ளையருக்கும் கூலி குறைவதில்லை, வாடகைக்கு வீடு மறுக்கப்படுவதில்லை. அந்தப் பெயரைச் சுமப்பவர் அதனால் எதை இழக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

“அவங்களும் சிரிச்சுக்கிட்டுத்தான் வருவாங்க” என்றார் மாணவர். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 2020 ஜூனில், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை எதிர்த்து உலகெங்கும் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது, மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர் டேரன் சாமி ஒரு செய்தியை வெளியிட்டார். ஐபிஎல் போட்டிகளில் ஹைதராபாத் அணிக்காக ஆடிய காலத்தில் தன்னையும் இலங்கை வீரர் திசாரா பெரேராவையும் அணித்தோழர்கள் ‘காலூ’ என்று அழைத்தார்கள். வலிமையானவன் என்று பொருள் போலும் என்று தானும் மகிழ்ந்திருந்தார். ‘கருப்பன்’ என்பதே பொருள் என்று பின்னர்தான் தெரிந்து கோபமுற்றார். அப்படி அழைத்தவர்களில் ஒருவருடன் பேசிய பிறகு, அது அன்பினால் வந்தது என்று அவர் ஏற்றுக்கொண்டார்.

சாமியின் பெருந்தன்மையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது ஓவர் உலகக் கோப்பையை இருமுறை வென்ற அணித்தலைவருக்கே தன்னை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின. வாயைத் திறக்க உலகப் போராட்டம் ஒன்று தேவைப்பட்டது. பட்டறையிலேயே படுத்து, மேஸ்திரி கையால் கூலி வாங்கும் பத்தொன்பது வயதுத் தொழிலாளி என்ன செய்வார்? சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். நம் தாத்தாக்களைப் பண்ணையக்காரர் வீட்டுச் சிறுவர்கள் ‘டா’ போட்டு அழைத்தபோது அவர்களும் சிரித்துக்கொண்டுதான் ‘சாமி’ என்று பதில் சொன்னார்கள். ஊருக்குள் எவ்வளவு இணக்கமாக இருந்தோம் என்பதற்கு இன்றும் சிலர் அந்தச் சிரிப்பையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். கேலி என்றால் இருபக்கமும் ஓட வேண்டும். அந்தப் பீகார் இளைஞர் மேஸ்திரிக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து, எல்லோர் முன்னும் அழைத்துவிட்டு, மறுநாளும் வேலைக்கு வர முடியுமானால் அதைக் கேலி என்று நாமும் ஒப்புக்கொள்வோம்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2011 ஏப்ரலில் ‘ஆறுமுகம் சேர்வை எதிர் தமிழ்நாடு அரசு’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இங்கே படிக்க வேண்டும். தமிழகத்தின் இரண்டு பட்டியல் சாதிப் பெயர்களையும், அவற்றோடு வசவு சேர்த்த வடிவங்களையும் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. (அவற்றை இங்கே அச்சிட வேண்டிய தேவை இல்லை.) அவை சாதியைக் குறிக்கும் பெயர்களே என்றாலும், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொல்லப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்றது. அதோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்க அமெரிக்கர்களை ‘நீக்ரோ’ என்று அழைப்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஏற்கப்பட்டிருந்தாலும் இன்று ஏற்க முடியாதது போலவே இச்சொற்களும் ஏற்க முடியாதவை என்றது. ‘காலங்காலமாக இப்படித்தான் அழைக்கிறோம்’ என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

ஆனால் இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு ‘வடக்கன்’ என்ற சொல்லுக்கு வழக்குத் தொடுத்துவிட முடியாது. அச்சட்டத்தின் 3(1)(s) பிரிவு சாதிப் பெயர் சொல்லி வைவதைக் குறிக்கிறது. 3(1)(r) பிரிவுக்குச் சாதிப் பெயர் தேவையில்லை. எனினும் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்பதனாலேயே அந்த அவமதிப்பு நேர்ந்திருக்க வேண்டும் என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கிலும், 2024-இல் ஷாஜன் ஸ்காரியா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு பிறந்த இடம், வாழிடம், மொழி ஆகியவற்றின் பெயரால் பகைமை வளர்ப்பதைக் குற்றமாக்குகிறது. அது மேடைப் பேச்சுக்கும் காணொளிக்கும் பொருந்தலாம். பட்டறையில் ஒருவரை ஒருவர் அழைப்பதற்குப் பொருந்துவது கடினம். 2025 பிப்ரவரியில், ஜார்க்கண்ட் அரசு ஊழியர் ஒருவரைப் ‘பாகிஸ்தானி’ என்று வைத வழக்கில், அது தரக்குறைவான பேச்சுதான், ஆனால் மத உணர்வைப் புண்படுத்திய குற்றமாகாது என்றது உச்ச நீதிமன்றம். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 செப்டம்பரில், பெங்களூருவில் இஸ்லாமியர் வாழும் பகுதியைக் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ‘பாகிஸ்தான்’ என்று குறிப்பிட்டபோது, இந்திய மண்ணின் எந்தப் பகுதியையும் அப்படி அழைக்கக் கூடாது என்று அதே உச்ச நீதிமன்றம் கண்டித்திருந்தது. மண்ணுக்குக் கிடைத்த காப்பு மனிதருக்குக் கிடைக்கவில்லையே என்று எங்களுக்குத் தோன்றியது.

இந்த இடைவெளி அரசுக்குத் தெரியாததன்று. 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ டானியா, தன் தலைமுடியைக் கேலி செய்தவர்களுடன் ஏற்பட்ட தகராறில் தாக்கப்பட்டு இறந்தார். அதன்பின் அமைக்கப்பட்ட பெஸ்பருவா குழு, இனத்தின் பெயரால் இழிவுபடுத்தும் சொல்லையும் செயலையும் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இரண்டு புதிய பிரிவுகளைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. அவை சேர்க்கப்படவே இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவற்றுக்கு இடமில்லை. அதே ஆண்டு பாஸ்கர் சக்தி இயக்கிய ‘வடக்கன்’ என்ற திரைப்படத்தின் பெயருக்குத் தணிக்கை வாரியம் மறுப்புத் தெரிவிக்க, அது ‘ரயில்’ என்ற பெயரில் வெளிவந்தது. சுவரொட்டியிலிருந்து சொல் நீங்கியது; பட்டறையில் அப்படியே இருக்கிறது.

சொற்கள் ஊர் விட்டு ஊர் போகும்போது என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்களைவிட நல்ல சாட்சிகள் இல்லை. ‘கூலி’ நம் சொல். தென்னாப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் அது இந்தியர் அனைவருக்குமான வசையாயிற்று. இலங்கையில் மலையகத் தமிழரைக் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். ‘தோட்டக்காட்டான்’ என்று இழித்தவர்களில் தமிழர்களே இருந்தார்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியபோது அந்தப் பட்டப்பெயர்கள் ஏற்கெனவே வேலையைப் பாதி முடித்திருந்தன. மும்பையில் நாம் ‘மதராசி’. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம் வரை போய்வரும் தொழிலாளரைக் கேட்டால் அந்தச் சொல்லின் சூட்டைச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, நம்மில் ஒரு சாதியின் பெயர் ஆங்கிலத்தில் ‘பறையா’ என்று நுழைந்து, இன்று உலகம் ஒதுக்கிவைத்த நாடுகளுக்கெல்லாம் அடைமொழியாக நிற்கிறது. உலகச் செய்தித்தாள்கள் அதைக் கூச்சமின்றி எழுதுகின்றன.

அதே பெயரில் 1893-இல் இதழ் தொடங்கியவர் இரட்டைமலை சீனிவாசன். 1922-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் அரசு ஆவணங்களில் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் ஏறியது. இரண்டும் வெவ்வேறு வழிகள். இரண்டிலும் பெயரைத் தேர்ந்தவர்கள் அதைச் சுமந்தவர்களே. பீகார் இளைஞர்கள் தமக்குள் ‘வடக்கன்’ என்று சொல்லிச் சிரித்தால் அது அவர்கள் பாடு.

மாணவரின் கேள்விக்குப் பின்னே இன்னொன்றும் இருந்தது என்று நினைக்கிறோம். “அவங்க வந்த பிறகு எங்களுக்கு வேலை இல்லைங்க” என்று கூட்டம் கலைந்தபின் ஒரு தாய் சொன்னார். அந்தக் குறை பொய்யன்று. இதே தறிகளில் முன்பணம் கொடுத்து நம் குடும்பங்களைக் கட்டிப்போட்டவர்கள், நாம் கேள்வி கேட்கத் தொடங்கியதும், பட்டறையிலேயே தங்கிப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கக்கூடியவரைத் தேடிப் போனார்கள். கூலியை நிர்ணயித்தவருக்கு நாம் எந்தப் பட்டப்பெயரும் வைக்கவில்லை.

2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. அரசு அவற்றை மறுத்து வழக்குகள் பதிந்தது. நிம்மதியடைந்த நாம், அதே ஆண்டு மே மாதத்தை மறந்துவிட்டோம். ஜேடர்பாளையம் அருகே வெல்ல ஆலைக் கொட்டகையில் உறங்கிக்கொண்டிருந்த ஒடிசாத் தொழிலாளர்கள் தீயில் சிக்கினார்கள். மர்ம நபர்கள் வைத்த தீ. ஓர் இளைஞர் இறந்தார். அந்த வட்டாரத்தில் அதற்கு முன் நடந்த ஒரு பெண்ணின் கொலையை ஒட்டிப் பதற்றம் நிலவியது. பட்டப்பெயர்தான் தீ வைத்தது என்று சொல்ல எங்களிடம் சான்று இல்லை. ஆனால் இறந்தவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியாக, களப்பணியாளர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. வந்திருப்பவர்களில் தம் மாநிலத்தில் பட்டியல் சாதியினராகவும் பழங்குடியினராகவும் உள்ளோர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் அவர்களுடைய சாதி இல்லாததால் இங்கே இடஒதுக்கீடு கிடையாது. அதையே காரணமாக்கி, அவர்கள் மீதான சாதி இழிவையும் ‘வாய்த் தகராறு’ என்று காவல் நிலையத்தில் முடித்துவிடப் பார்ப்பார்கள். 2023-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு சொந்த மாநிலத்தோடு நின்றுவிடாது, இடம்பெயர்ந்த மாநிலத்திலும் உண்டு என்று தீர்ப்பளித்திருக்கிறது. அது சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும் இங்கே எடுத்துவைக்கத்தக்க வலுவான வாதம். ஊரிலிருந்து சாதிச் சான்றிதழின் படத்தைக் கைபேசியில் வரவழைத்துப் புகாரோடு இணையுங்கள். விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்ற விதி 7-ஐ நினைவூட்டுங்கள். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லையெனில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். புகாரின் முதல் வரியில் அவருடைய முழுப் பெயரையும் தந்தை பெயரையும், அவர் சொல்கிறபடியே, கேட்டு எழுதுங்கள்.