விருந்தினர் அணுக்கம்

விருந்தினர் அணுக்கம் என்பது, ஒரு நிறுவனத்தின் ஊழியர் அல்லாத ஒருவருக்கு அந்நிறுவனத்தின் கூட்டுப்பணி மென்பொருளுக்குள் வரையறுக்கப்பட்ட அனுமதி அளிக்கும் முறை ஆகும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஸ்லாக், சோகோ கிளிக் முதலிய மென்பொருள்களில் வெளியாருடன் இணைந்து பணியாற்றும் வசதி உண்டு. அழைக்கப்படுபவர் தமக்கு அனுமதிக்கப்பட்ட பகுதியில் உரையாடலாம், கோப்புகளைப் பார்க்கலாம், கூட்டங்களில் பங்குபெறலாம்.

தேவை

இம்முறையின் தேவையை விளங்கிக்கொள்ளக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதி நல்ல எடுத்துக்காட்டாகும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இலும் டைம்லர் சரக்குந்து ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. ஒரு மகிழுந்தின் ஆயிரக்கணக்கான பாகங்களில் பெரும்பாலானவற்றை வெளி நிறுவனங்களே செய்து தருகின்றன. ஆகவே வரைபடங்களும் தர ஆய்வு அறிக்கைகளும் ஆலைக்கு வெளியே உள்ள பொறியாளர்களுக்கும் தேவைப்படுகின்றன.

வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் படிகள் பெருகும். பழைய படியைப் பார்த்துப் பாகம் தயாரிக்கப்பட்டால் அது கழிவாகும். விருந்தினர் அணுக்கத்தில் இரு தரப்பினரும் ஒரே கோப்பைப் பார்ப்பதால் இச்சிக்கல் குறைகிறது.

வகைகள்

வெளியாருடன் பணியாற்றும் வழிகள் பொதுவாக மூன்று வகைப்படும்.

1. வெளித்தொடர்பு: இரு நிறுவனத்தாரும் தத்தம் கணக்கில் இருந்தபடியே உரையாடுவர். ஒருவரின் குழுவுக்குள் மற்றவர் நுழைய இயலாது.
2. விருந்தினர் கணக்கு: வெளியாரின் பெயர் அழைக்கும் நிறுவனத்தின் பயனர் பட்டியலிலேயே சேர்க்கப்படும். டீம்ஸ் மென்பொருளில் இவ்வசதி 2017இல் அறிமுகமானது.
3. பகிரப்பட்ட சேனல்: ஒரே ஒரு சேனல் மட்டும் இரு நிறுவனங்களுக்கும் பொதுவாக இருக்கும். ஸ்லாக் கனெக்ட் 2020இல் வெளியானது. டீம்ஸ் இவ்வசதியை 2022இல் வழங்கியது.

டீம்ஸில் ஒரு குழுவில் சேர்க்கப்படும் விருந்தினர், தனிச் சேனல்களும் பகிரப்பட்ட சேனல்களும் நீங்கலாக அக்குழுவின் எல்லாச் சேனல்களையும் காண இயலும். ஒரே பாகத்திற்கு விலை கேட்கப்பட்ட இரு நிறுவனத்தாரை ஒரே குழுவில் சேர்த்தால், ஒருவர் குறித்த விலையை மற்றவர் அறிய நேரிடும்.

நீக்கத்தில் உள்ள சிக்கல்

ஆலையின் வாயிலில் வருகையாளருக்கு கேட் பாஸ் கொடுக்கப்படுகிறது. வெளியேறும்போது அது திரும்பப் பெறப்படுகிறது. மென்பொருளில் அழைப்பு அனுப்பச் சில நொடிகள் போதும். ஆனால் அனுமதியைத் திரும்பப் பெற, யாரேனும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். விருந்தினர் தம் நிறுவனத்தை விட்டு விலகினால், அச்செய்தி அழைத்த நிறுவனத்திற்குத் தானாக வருவதில்லை.

இங்கு எந்த மின்னஞ்சல் முகவரிக்கு அழைப்பு சென்றது என்பது முக்கியமாகும். விருந்தினர் தம் நிறுவனக் கணக்கால் நுழைபவராயின், அந்நிறுவனம் அக்கணக்கை முடக்கியவுடன் அவரால் மீண்டும் உள்நுழைய இயலாது. சொந்த ஜிமெயில் முகவரிக்கு அழைப்பு அனுப்பப்பட்டிருந்தால், அவர் போட்டி நிறுவனத்தில் சேர்ந்த பின்னும் கதவு திறந்தே இருக்கும்.

உள்ளாரும் வெளியாராகலாம். ஒரகடம் ஆலைக் கூட்டு நிறுவனத்தில் நிசானிடம் இருந்த 51 விழுக்காட்டுப் பங்குகளை வாங்குவதாக 2025 மார்ச்சில் ரெனோ அறிவித்தது. நிசான் வாகனங்கள் தொடர்ந்து அங்கேயே தயாரிக்கப்படும் எனவும் கூறப்பட்டது. இத்தகைய உடைமை மாற்றங்களின்போது, எந்தக் கோப்பு யாருக்குரியது என்பதை எந்த நிறுவனமும் புதிதாக வரையறுக்க வேண்டியுள்ளது.

வெளியாரின் கணக்கு வழியே பேரிழப்பு நேர்ந்ததற்கு அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொடர் சான்றாகும். 2013இல் அதன் குளிர்சாதன ஒப்பந்ததாரர் ஒருவரின் கடவுச்சொல்லைத் திருடியவர்கள், அதன்வழி உட்புகுந்து சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்களைக் கவர்ந்தனர். அங்கு பயன்பட்டது கூட்டுப்பணி மென்பொருள் அன்று எனினும் படிப்பினை ஒன்றே.

கட்டுப்பாடுகள்

* குறிப்பிட்ட நிறுவனங்களின் மின்னஞ்சல் முகவரிகளை மட்டும் அனுமதித்தல்.
* ஒவ்வொரு விருந்தினருக்கும் பொறுப்பான ஊழியர் ஒருவரைக் குறித்தல். அவர் பணி மாறினால் பொறுப்பையும் மாற்றுதல்.
* அழைக்கும்போதே முடிவு நாளைக் குறித்தல்.
* கடவுச்சொல்லுடன் இரண்டாம் நிலை உறுதிப்பாட்டைக் கட்டாயமாக்குதல்.
* குறிப்பிட்ட கால இடைவெளியில் விருந்தினர் பட்டியலைச் சரிபார்த்து, தேவையற்றோரை நீக்குதல்.

கணக்கை நீக்குவது ஏற்கெனவே பதிவிறக்கப்பட்ட கோப்புகளைத் திரும்பக் கொண்டுவராது. ஆகையால் முக்கிய வரைபடங்களுக்குப் பதிவிறக்கத்தையே தடை செய்வதுண்டு.

இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆணைப்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்கள் பேண வேண்டும். எந்த விருந்தினர் எப்போது நுழைந்தார் என்பதைப் பின்னர் கண்டறிய இப்பதிவேடுகளே உதவும்.