வக்கீல் கட்டணம் யார் கொடுத்தது?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்டார்ம் லேக் என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 11,000. கல்லன் குடும்பம் அங்கே நடத்திவந்த 'ஸ்டார்ம் லேக் டைம்ஸ்' வாரம் இருமுறை வெளிவந்தது. விற்பனை ஏறத்தாழ 3,000 பிரதிகள். 2017இல் தலையங்கத்துக்கான புலிட்சர் பரிசு அதன் ஆசிரியர் ஆர்ட் கல்லனுக்குக் கிடைத்தது. ஓர் ஆறு கெட்டுப்போனதற்கு யார் பொறுப்பு என்று அவர் விடாமல் கேட்டதற்குக் கிடைத்த பரிசு அது.

அயோவா முழுக்க மக்காச்சோளமும் சோயாவும்தான். பல பகுதிகள் ஒருகாலத்தில் நீர் தேங்கிக் கிடந்த புல்வெளிகள். நிலத்தடியில் குழாய் பதித்து நீரை வடித்த பிறகே அவை வளமான வயல்களாயின. அன்று சுட்ட களிமண் குழாய். இன்று துளையிட்ட பிளாஸ்டிக் குழாய். உரத்திலும் மண்ணிலும் உள்ள நைட்ரேட் நீரில் எளிதில் கரையும். மழை பெய்தால் அது இந்தக் குழாய்கள் வழியாக வாய்க்காலுக்கும், அங்கிருந்து ரக்கூன் ஆற்றுக்கும் போய்விடுகிறது. அதற்கு நிறமில்லை, வாடையும் இல்லை. ஆறு செத்து நாறினால் ஊரே திரண்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத மாசுக்கு யார் திரள்வார்கள்? உள்ளூர்ப் பத்திரிகை தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் மாநிலத் தலைநகர் டெமாயின் இந்த நீரைக் குடிக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் (நைட்ரஜன் கணக்கில்) இருக்கக் கூடாது என்பது சட்டம். மீறினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையக்கூடும். நைட்ரேட்டைப் பிரித்தெடுக்கப் பெரும் பணம் செலவழித்துவந்த நகரக் குடிநீர் வாரியம், 2015இல் ஆற்றின் மேல்பகுதியில் உள்ள மூன்று கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதிகள்) வடிகால் அமைப்புகள்மீது வழக்குப் போட்டது. அவற்றுள் ஒன்று ஸ்டார்ம் லேக் இருக்கும் புவெனா விஸ்டா. ஆலைக் கழிவுக் குழாய்க்கு உரிமம் வேண்டுமென்றால் வயல் குழாய்க்கு ஏன் வேண்டாம் என்பதே வாரியத்தின் வாதம்.

மாநிலமே இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. கல்லன் கேட்ட கேள்வியோ சின்னது: கவுண்டிகளுக்காக வாதாடும் பெரிய வக்கீல்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வேளாண் வணிகச் சங்கம் ஒன்று திரட்டிய நிதியிலிருந்து. கொடுத்தவர்கள் யார்? அதைச் சொல்ல மறுத்தார்கள். அரசு அமைப்பின் வழக்குச் செலவைப் பெயர் தெரியாதவர்கள் ஏற்பது பொதுமக்கள் அறிய வேண்டிய விஷயம் என்று பத்திரிகை வாதிட்டது. தகவல் உரிமைக்கான அமைப்பு ஒன்றும் துணை நின்றது. ஆவணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில் கவுண்டிகள் அந்த நிதியோடு உறவை முறித்துக்கொண்டன.

தேசியப் பத்திரிகைகள் வழக்கைப் பற்றி எழுதின. ஆனால் கவுண்டிக் கூட்டத்தில் உட்கார்ந்து, எந்த பில்லை யார் கட்டினார்கள் என்று பார்த்துக் கேட்க அந்த ஊரிலேயே ஆள் இருக்க வேண்டும். அதற்குத் துணிச்சலும் வேண்டும். பத்திரிகையை வாங்கும் விவசாயி, விளம்பரம் தரும் கடைக்காரர், தேவாலயத்தில் பக்கத்தில் அமர்பவர் என எல்லோருக்கும் பிடிக்காததை எழுதிவிட்டு மறுநாள் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். வெளியூர் நிருபருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. கல்லன் விவசாயியைத் திட்டி எழுதியவரும் அல்ல. மண்ணையும் நீரையும் சுரண்டாமல் பயிர் செய்ய வழி உண்டு, அதற்கு அரசும் நிறுவனங்களும் விவசாயிக்குத் துணை நிற்க வேண்டும் என்பதையே திரும்பத் திரும்ப எழுதினார்.

வழக்கு தோற்றது. 2017 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். பரிசு அறிவிப்பு வந்தது அடுத்த மாதம். ஆற்றை ஒரு பத்திரிகை தனியாகச் சுத்தப்படுத்திவிட முடியாது. 2025 ஜூனில் நைட்ரேட் எகிறியதால், நீர்த் தேவையைக் குறைக்க டெமாயின் வட்டாரத்தில் புல்தரைக்குத் தண்ணீர் விடுவதற்கே தடை போட்டார்கள். ஊரின் போட்டிப் பத்திரிகையை 2022இல் வாங்கித் தன்னோடு இணைத்துக்கொண்ட கல்லன் குடும்பப் பத்திரிகை, இப்போது 'ஸ்டார்ம் லேக் டைம்ஸ் பைலட்' என்ற பெயரில் அந்த ஆற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறது.