பொட்டலம் மட்டும் போதுமா?

போன கிறிஸ்துமஸ் அன்று எங்கள் சர்ச் பெண்கள் சங்கத்தில் ஐம்பது பிரியாணிப் பொட்டலம் கட்டினோம். சென்னையில், எங்கள் சர்ச் மதிலை ஒட்டிய பிளாட்பாரத்தில் குடியிருப்பவர்களுக்காகத்தான். வாசல் ஓரத்தில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் ஆயாவிடம் நானே ஒன்றை நீட்டினேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமைதான், ஒளிப்பானேன்?

"நேத்துலேர்ந்து இது அஞ்சாவது பொட்டலம்மா. பல்லு இல்லாதவ இதை வெச்சுக்கிட்டு என்னா பண்றது? ஒதுங்க ஒரு எடம் கெடைக்குமா, அதைச் சொல்லு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் அவளைத் தாண்டித்தான் ஆராதனைக்குப் போகிறேன். பெயர்கூடத் தெரியாது!

அன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். இருட்டும்வரை மறைவிடம் கிடையாது என்பதால் பகலில் தண்ணீரே குடிப்பதில்லையாம். அதனால் அடிக்கடி நீர்க்கடுப்பு. ரேஷன் கார்டும் ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்த மூட்டையைக் குப்பை என்று யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். பெயரையும் சொன்னாள். அச்சில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

"சர்ச் பாத்ரூமைக் காலையில் திறந்துவிடலாமே" என்று கமிட்டியில் கேட்டேன். அசுத்தமாகும், சாமான் காணாமல் போகும் என்று ஒரே ஆட்சேபணை! கடைசியில், சுத்தம் எங்கள் பொறுப்பு என்று நாங்கள் ஐந்து பெண்கள் சாவியை வாங்கிக்கொண்டோம். முறை வைத்து, தினமும் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரையும், சாயங்காலம் ஒரு மணி நேரமும் திறக்கிறோம். இதுவரை காணாமல் போனது ஒரு பிளாஸ்டிக் மக். அவ்வளவுதான்!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் வீடில்லாதவர்கள் ஏறக்குறைய 17.7 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் நம்மால் வீடு கட்டித்தர முடியாது. ஆனால் நம் சர்ச் வாசலில் இருப்பவர்களுக்குச் செய்ய எவ்வளவோ இருக்கிறது. எங்களுக்கு அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேட்டுவிட்டுக் கொடுங்கள்: வயசானவர்களுக்குக் குழைந்த சாதம், இட்லி. பெண்களுக்கு உள்பாவாடை, நாப்கின், சோப்பு. கைக்குழந்தைக்காரிக்குக் கொசுவலை. மிஞ்சிப்போனது, ஊசிப்போனது வேண்டவே வேண்டாம்.

மானத்தைக் காப்பாற்றுங்கள்: கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். ஜெபத்துக்கு வந்தால்தான் சாப்பாடு என்று நிபந்தனை போடாதீர்கள்.

காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள்: அவர்கள் சம்மதித்தால் கார்டு, மருந்துச் சீட்டுகளை உறையில் போட்டு, பெயர் எழுதி, சர்ச் அலமாரியில் வையுங்கள். கேட்டவுடன் திருப்பிக் கொடுங்கள்.

காப்பகம் பற்றிச் சொல்லுங்கள்: நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் வருஷம் முழுக்க 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்கள் உண்டு. பெண்களுக்குத் தனியாகவும் இருக்கின்றன. 1913-க்குப் போன் செய்து விசாரிக்கலாம்.

மனநலம் குன்றியவர்களை மிரட்டாதீர்கள்: தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரைப் போலீஸார் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். லாக்கப்பில் வைக்கக்கூடாது. உடம்புக்கு ஆபத்தென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இத்தனையும் செய்தபின் ஆயா காப்பகத்துக்குப் போய்விட்டாளா என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டு முறை கூட்டிப்போய்க் காட்டினேன். "இங்க டீக்கடைக்காரப் புள்ள என்னைப் பாத்துக்குது கண்ணு. அங்க யாரைத் தெரியும் எனக்கு?" என்கிறாள். வற்புறுத்தவில்லை, மழைக்காலத்துக்கு முன் மறுபடி கேட்டுப்பார்ப்பேன். இப்போது பகலிலும் தண்ணீர் குடிக்கிறாள். நீர்க்கடுப்பு குறைந்திருக்கிறது.

சகோதரிகளே, வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்புங்கள். வாசலில் இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, பெயரைக் கேளுங்கள். என்ன வேண்டுமென்று அவரே சொல்வார்.