பேர்த்தைட்டு

பேர்த்தைட்டு என்பது உயர் அழுத்தத்தில் உருமாறிய பாறைகளில் அரிதாகக் காணப்படும் ஒரு பாஸ்பேட்டுக் கனிமம் ஆகும். இதன் வேதி வாய்பாட்டில் இரண்டு கால்சியம், ஓர் அலுமினியம், இரண்டு பாஸ்பேட்டுத் தொகுதிகள், ஓர் ஐதராக்சைல் தொகுதி ஆகியன உள்ளன. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் நிலவியலை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து அறிஞர் பீட்டர் பேர்த் (1902–1989) என்பவரின் நினைவாக இக்கனிமத்துக்குப் பெயரிடப்பட்டது. கிறிஸ்டியன் ஷோப்பானும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993 ஆம் ஆண்டில் இதன் முழு விவரிப்பை வெளியிட்டனர்.

கிடைக்கும் இடங்கள்

மேற்கு ஆல்ப்சில், இத்தாலியின் டோரா-மைரா மலைத்திணிவிலும், சுவிட்சர்லாந்தின் செர்மாட் அருகே மொன்டே ரோசா பகுதியிலும் இக்கனிமம் கண்டறியப்பட்டது. இவற்றுள் டோரா-மைரா நிலவியலில் புகழ் பெற்ற இடமாகும். அங்குள்ள பைரோப்பு என்னும் கார்னெட் படிகங்களுக்குள் கோயெசைட்டு இருப்பதை ஷோப்பான் 1984 இல் அறிவித்தார். கோயெசைட்டு என்பது குவார்ட்சின் உயர் அழுத்த வடிவம். ஒருகாலத்தில் புவியின் மேற்பரப்புக்கு அருகில் இருந்த பாறை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழம் சென்று மீண்டும் மேலே வந்துள்ளது என்பதை இது காட்டியது. பேர்த்தைட்டும் இத்தகைய பாறைகளில்தான் சிறு மணிகளாகக் காணப்படுகிறது.

பொதுவாகப் பாறையிலுள்ள பாஸ்பரசு அபட்டைட்டு என்னும் கனிமத்தில் சேர்கிறது. ஆனால் டோரா-மைராவின் பைரோப்புப் பாறைகளில் மக்னீசியமும் அலுமினியமும் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. எனவே அங்கு வழக்கத்துக்கு மாறான பாஸ்பேட்டுகள் தோன்றுகின்றன.

புதிய கனிமம் என நிறுவுதல்

நுண்ணோக்கியில் அறிமுகமற்ற ஒரு மணி தென்படுவது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது. அதன் வேதியியல் சேர்மானம், படிகக் கட்டமைப்பு, ஒளியியல் பண்புகள் ஆகியவற்றை அளந்து பன்னாட்டுக் கனிமவியல் சங்கத்தின் ஆணையத்துக்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். மின்னணு நுண்ணாய்வுக் கருவி மிகச் சிறிய மணியிலும் தனிமங்களின் அளவைத் தரும். எனினும் அது ஐதரசனை அளக்காது. தூய பேர்த்தைட்டின் எடையில் நீரின் பங்கு ஏறத்தாழ 2.9 விழுக்காடு என வாய்பாட்டிலிருந்து கணக்கிடலாம். பகுப்பாய்வின் கூட்டுத்தொகை நூறை எட்டாதபோது, குறைவது நீரா அல்லது அளவீட்டுப் பிழையா என்ற ஐயம் எழும். எக்சு-கதிர் கொண்டு அணுக்களின் அமைவிடங்களை அறிவது இவ்வையத்தைத் தீர்க்க உதவும்.

பேர்த்தைட்டின் படிகம் ஒற்றைச்சரிவுத் தொகுதியைச் சார்ந்தது. இதன் கட்டமைப்பு பிராக்கெபுசைட்டின் கட்டமைப்பை ஒத்தது. பிராக்கெபுசைட்டோ ஈயம், மாங்கனீசு, வனேடியம் ஆகியவற்றைக் கொண்ட கனிமம். வேதியியலில் இவ்வளவு வேறுபட்ட இரண்டும் ஒரே அணு அடுக்கைக் கொண்டிருப்பது வியப்புக்குரியது.

இதைவிட நெருங்கிய உறவினம் 1975 இல் விவரிக்கப்பட்ட கோட்கெனைட்டு ஆகும். அதில் கால்சியத்தின் இடத்தில் இசுட்ரோன்சியம் மேலோங்கியுள்ளது. பேர்த்தைட்டிலும் ஓரளவு இசுட்ரோன்சியமும் அருமண் தனிமங்களும் கலக்கக்கூடும் என்பதால், இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு மெல்லியதே. ஓர் இடத்தில் எந்தத் தனிமம் மிகுந்துள்ளதோ அதைக் கொண்டே கனிமத்தின் பெயர் முடிவாகிறது. கால்சியம் மேலோங்கியிருந்ததால் பேர்த்தைட்டு தனி இனமாயிற்று.

ஆய்வகத்தில்

புரூனே, ஷோப்பான் ஆகிய இருவரும் இக்கனிமத்தைச் செயற்கையாக உருவாக்கி, அது எந்த அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் நிலைத்திருக்கும் என்பதை ஆராய்ந்து 1995 இல் முடிவுகளை வெளியிட்டனர். இயற்கையில் கிடைக்கும் மணிகள் மிகச் சிறியன. வேற்றுத் தனிமங்களும் அவற்றில் கலந்திருக்கும். எனவே இத்தகைய அளவீடுகளுக்குத் தூய செயற்கைப் படிகமே ஏற்றது.