சொல்லின்றிக் கதையுணர்த்தும் இசை

சொற்றுணையின்றி இசை ஒரு கதையை உணர்த்தவல்லதோ? அமெரிக்கப் பியானோக் கலைஞர் சிக் கொரியா 1978 இல் வெளியிட்ட ‘த மாட் ஹற்றர்’ என்னும் ஜாஸ் கலப்பிசைத் தொகுப்பு இவ்வினாவை எழுப்புகின்றது. லூயிஸ் கரோல் 1865 இலும் 1871 இலும் வெளியிட்ட அலிஸ் கதைகள் இரண்டும் இதற்கு அடிப்படையாகும்.

கொரியா கதையைத் தொடர்ந்து கூற முற்படவில்லை. காடு, வழக்கு விசாரணை, அலிஸின் வீழ்ச்சி முதலிய காட்சிகளையே தெரிந்துகொள்கின்றார். சில பகுதிகளைக் கேய்ல் மொரான் பாடுகின்றார். ‘ஹம்ரி டம்ரி’ என்னும் பகுதியோ சொல்லின்றி நால்வரால் இசைக்கப்படுவது. கதையில் அப்பாத்திரம், தான் விரும்பும் பொருளையே சொல் தரும் என வாதிடுகின்றது. ஜாஸ் கலைஞரும் வகுத்த மெட்டுக்குத் தம் மனோதர்மத்தாற் புதுப்பொருள் காண்பவரே. எனவே இவ்விசை கதைக்கு வரைந்த வெறும் படமன்று. அதன் உட்பண்பை உணர்ந்த வாசிப்பே என நாம் கருதுகின்றோம். பிற கலைஞரும் அம்மெட்டை எடுத்துத் தத்தம் வழியில் இசைத்து வருதல் இக்கருத்தை வலியுறுத்தும்.